இடைவெட்டுகள்

முப்பத்தொரு வருடம் அந்த ஜன்னலுக்கு உள்ளே இருந்து வேலை பார்த்தவள், ஒரே ஒரு நாள் அதற்கு வெளியே போய் வரிசையில் நின்றாள். முன்னால் ஏழு பேர். ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்துக்கு முடிவு கேட்டு வருகிறவர்கள் நிற்கும் இடம் அது. அவளும் மற்றவர்களைப் போலவே சீட்டு எடுத்து, மனுவை நாலாக மடித்துக் கையில் பிடித்திருந்தாள். முதுகு மட்டும் மற்றவர்களைப் போல வளையவில்லை.

"எட்டு!" என்று ஜன்னலுக்கு உள்ளே இருந்து கூப்பிட்ட மெழுகண்ணன் தலையை நிமிர்த்தினார். பேனா கையிலிருந்து உருண்டது.

"என்ன கூத்து இது? கதவு திறந்துதானே கெடக்கு. உள்ள வா."

"நான் இன்னைக்கு லீவு. நோயாளியோட அக்காவா வந்திருக்கேன். மனு குடுக்கணும்."

"மனுவா? நீ உக்கார்ற நாற்காலி அங்க காலியா இருக்கு. அதுல உக்காந்து எங்கிட்ட சொன்னா ஆகாதா?"

"ஆகாது. சீல் வெச்சு, நேரம் போட்டு வாங்கிக்குங்க."

பின்னால் ஒன்பதாவது சீட்டு வைத்திருந்தவர் பொறுமை இழந்தார். "சொந்தக்காரங்க சண்டையை வீட்டுல வெச்சுக்குங்கம்மா. எனக்குப் பஸ் போயிடும்."

பஸ் என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்றது. விஷயமே பஸ்ஸில்தான் தொடங்கியது.

அந்தக் கூடத்தில் அவளுக்குக் கத்தியக்கா என்று பெயர். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த துண்டை மெழுகில் பதித்து ஒரு கட்டியாக்குவது மெழுகண்ணன் வேலை. அந்தக் கட்டியை, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சீவல்களாக வெட்டி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டின் மேல் ஏற்றுவது அவள் வேலை. சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடா போல வரும். அவள் வெட்டிய நாடாவில் ஒரு சுருக்கம், ஒரு கீறல் கண்டவர் கிடையாது. அவள் இல்லாத நாட்களில் கத்தியும் மெழுகண்ணன் கைக்கு வரும். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அன்றிலிருந்து ஒருவர் காலை ஒருவர் வாராத நாள் இல்லை.

அவளுடைய தம்பி பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை. பயணிகள் அவனுக்கு வைத்த பெயர் நிதானம். ஒரு திங்கட்கிழமை காலை, நிற்க இடமில்லாமல் ஆட்கள் ஏறியிருந்த வண்டியைப் பாலத்து இறக்கத்தில் ஓட்டி வரும்போது அவனுக்குக் கண் இருட்டியது. வண்டி இரண்டு தரம் ஆடியது. அவன் ஓரம் கட்டினான், கை பிரேக்கை இழுத்தான், கதவைத் திறந்துவிட்டான். அதற்கப்புறம்தான் ஸ்டியரிங் மேல் சாய்ந்தான். ஒருவருக்கும் நகக்கீறல் படவில்லை.

அறுபது உயிரைக் காப்பாற்றியவனுக்கு ஊர் கொடுத்த பட்டம் குடிகாரன். வண்டி ஆடியதாம், பேச்சுக் குழறியதாம். முந்தின நாள் ஒரு டிரைவரின் பிரிவு விருந்தில் எடுத்த படம் வேறு கைக்குக் கை போனது. அதில் நிதானம் கையில் ஒரு கிளாஸ். உள்ளே இருந்தது சோடா. படத்தில் சோடாவும் சாராயமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அவசரப் பிரிவில் உயிரைப் பிடித்து நிறுத்தவே நேரம் போதவில்லை. அன்று ரத்தத்தில் சாராயம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு, அங்கிருந்த டாக்டர் கோப்பில் 'குடிப்பழக்கம்?' என்று எழுதினார். வார்டுக்குப் போன நகலில் அது 'குடிப்பழக்கம்' என்று ஆகியிருந்தது. கேள்விக்குறி எந்த மாடிப்படியில் விழுந்தது என்று தெரியாது. கேள்வி போய்விட்டது, தீர்ப்பு நின்றுவிட்டது.

கத்தியக்கா முதலில் போனது பஸ் டிப்போவுக்கு. மேலாளர் அவளை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். விசாரணை முடியும்வரை தம்பி வேலையில் இல்லை என்றும், வண்டிகளை வழியனுப்பும் இடத்துப் பலகையில் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது என்றும் சொன்னார். குடிபோதைச் சந்தேகம் என்று அதில் எழுதியிருந்தது. மாலை ஷிப்ட் மாறும்போது எல்லா டிரைவர்களுக்கும் முன்னால் அதை உரக்கப் படித்தும் காட்டியிருந்தார்கள்.

"டீ ஆறுதும்மா."

"ஆறட்டும். என் தம்பி பேரை நீங்க எல்லார் முன்னாடியும் படிச்சீங்க. அதை எல்லார் முன்னாடியும் திரும்ப எடுக்கிற வரைக்கும் இந்த ரூம்ல நான் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

அவள் அப்பா ஒரு சரக்குக் கிட்டங்கியின் காவலராக இருந்தவர். அந்த வீட்டில் சொத்து என்று எதுவும் சேரவில்லை. 'அந்த வீட்டுப் பிள்ளைகளா, நம்பலாம்' என்ற ஒரு சொல் மட்டும் சேர்ந்தது. அதைக் கட்டிக் காக்கும் வேலை மூத்தவளுக்கு வந்தது. மற்றவர்களுக்கு அது வறட்டுப் பிடிவாதம் போலத் தோன்றலாம். பெயரை விட்டுக்கொடுத்து வாழ்ந்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு அது என்ன என்று தெரியும்.

வார்டில் தம்பி நாளுக்கு நாள் தளர்ந்தான். கால் இரண்டும் வீங்கின. படுத்தால் மூச்சுத் திணறல், உட்கார்ந்தே தூங்கினான். இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் சாதாரணமாக நூற்றுக்கு அறுபது இருக்க வேண்டும், அவனுக்குப் பதினெட்டு.

"அக்கா, நான் குடிக்கல."

"நான் கேக்கவே இல்லையேடா."

"நீ கேக்கல. மத்தவங்க கேக்குறாங்களே."

கட்டில் ஓரம் நின்ற அவன் மனைவி போர்வையை இழுத்துவிட்டாள். "கேக்கிறவங்களை எங்கிட்ட அனுப்புங்க அண்ணி. இருபது வருஷமா இந்த வாயைப் பக்கத்துல இருந்து மோந்து பாக்கிறவ நான். இருமல் மருந்து குடிச்சாலே கிறுகிறுன்னு வருதுன்னு கட்டில்ல சாஞ்சிடுவாரு. இவரா குடிப்பாரு?"

அப்போதுதான் சித்தப்பா வந்தார். நல்லவர், ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் குடை பிடிப்பவர். அவளைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மேலாளர் ஜாடையா ஒண்ணு சொன்னாரும்மா. குடிச்சது தப்புதான், இனிமே தொட மாட்டேன்னு ஒரு கடிதம் எழுதிக் குடுத்தாப் போதுமாம். வேலை போகாதாம். ஒரு கையெழுத்துதானே?"

"செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போட்டுட்டு எந்த மூஞ்சியோட வண்டி ஓட்டுவான் சித்தப்பா?"

"ஊர் ரெண்டு நாள் பேசும், மூணாம் நாள் மறந்துடும்."

"ஊர் மறக்கும். காகிதம் மறக்காது."

அது எவ்வளவு உண்மை என்று மறுநாள் தெரிந்தது. இதய டாக்டர் அவளையும் தம்பி மனைவியையும் அறைக்குள் கூப்பிட்டார். இதயம் இப்படியே போனால் வேறு இதயம் பொருத்துவதைத் தவிர வழியில்லை என்றார். பிறகு கோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆனா குடிப்பழக்கம்னு இருந்தா, அந்தக் காத்திருப்புப் பட்டியல்ல பேரைச் சேர்க்க மாட்டாங்க."

ஆக, அந்த ஒரு சொல் பெயரோடு நிற்கவில்லை. ஆளையே கொண்டுபோகப் பார்த்தது.

டாக்டருக்கும் மனத்தில் ஒரு நெருடல் இருந்தது. குடியால் கெடும் இதயம் இவ்வளவு வேகமாக விழாது என்றார். கழுத்து வழியாக மெல்லிய குழாயை இறக்கி, இதயத் தசையிலிருந்து கடுகளவு ஐந்து துண்டுகள் எடுத்து அனுப்பினார். அவை வந்து சேர்ந்த இடம் கத்தியக்காவின் மேஜை.

சீட்டில் தம்பியின் எண்ணைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றினாள். எழுந்து சுவர் ஓரம் போய் நின்றாள். அந்தச் சுவரில் அவளே பத்து வருடம் முன்னால் எழுதி ஒட்டிய விதி இருந்தது: உறவினரின் மாதிரியை உறவினர் தொடக்கூடாது.

"யாரு பாக்கப்போறா? என்னைவிட உன் கை சுத்தம். நீயே வெட்டு" என்றார் மெழுகண்ணன்.

"யாரும் பாக்காத நேரத்துக்குத்தான் விதி."

அவர் வெட்டினார். கட்டியின் மூன்று ஆழ மட்டங்களில் வெட்டி, மூன்று ஸ்லைடு. சாயம் ஏறியதும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்த கூடத்தின் பெரிய டாக்டரம்மா, தசை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார். இன்னும் ஆழமாக வெட்டச் சொன்னார். அதிலும் இல்லை. கடுகளவு துண்டு எவ்வளவு தாங்கும்? கட்டியில் மெழுகுதான் மிச்சம். 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்று முடிவு போனது. குடிகாரன் என்ற சொல்லுக்கு அதுவே முட்டுக்கொடுத்தது. மறுபடி குழாய் இறக்கித் துண்டு எடுக்க அவன் உடம்பு இப்போது தாங்காது என்றார் இதய டாக்டர்.

கத்தியக்கா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றாள்.

மனுவில் ஒரே வரி: 'இடைவெட்டுகள் இருந்தால் அவற்றையும் பரிசோதிக்கக் கோருகிறேன்.'

ஒரு மட்டத்துக்கும் அடுத்த மட்டத்துக்கும் நடுவே வரும் சீவல்களைப் பெரும்பாலும் குப்பையில் தட்டிவிடுவார்கள். கத்தியக்கா தட்டமாட்டாள். இதயத் துண்டு என்றால் ஒவ்வொரு இடைவெட்டையும் கண்ணாடியில் ஏற்றி, எண் எழுதி, மேஜைக்குக் கீழே ஒரு மரப்பெட்டியில் அடுக்கி வைப்பாள். இதயத்தில் நோய் பரவலாக இருக்காது, அங்கொன்று இங்கொன்றாக ஒளிந்திருக்கும் என்பது அவள் கணக்கு. கூடத்தில் அதற்குப் புதையல் பெட்டி என்று பெயர். பெயர் வைத்தவர் மெழுகண்ணன்தான். 'அக்கா வீட்டுல கிழிஞ்ச பாயைக்கூடத் தூக்கிப் போடமாட்டாங்க' என்று வருடக் கணக்காகச் சிரித்தவர் அவர். இப்போது தம்பியின் துண்டை வெட்டியவரும் அவரே. அவர் எறிந்திருந்தால் அத்தோடு போச்சு.

"பெட்டி உன் மேஜைக்குக் கீழதானே இருக்கு? திறந்து பாத்திருக்கலாமே, ரெண்டு நாளா?" என்றார் அவர், மனுவைப் பார்த்தபடி.

"பாத்திருக்கலாம். அப்புறம் அதுல என்ன இருந்தாலும் அக்கா வெச்சதுன்னு சொல்வாங்க. முடிவு போன அன்னைக்கே உள்ள பாக்காமப் பூட்டிட்டேன், சாவி இந்தாங்க." ஜன்னல் வழியாகச் சாவியைத் தள்ளினாள். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எறிஞ்சுட்டீங்களா?"

மெழுகண்ணன் சாவியை எடுத்துக்கொண்டார். எழுந்து போனார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஸ்லைடுத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிமிர்த்திப் பிடித்தார். இருபத்து நாலு ஸ்லைடுகள். எல்லாவற்றிலும் தம்பியின் எண். பென்சிலில் எழுதியிருந்தது.

அவள் கண்ணாடிக்கு அருகே குனிந்து எண்களைப் படித்தாள். பேனா மை சாயத்தில் கரைந்துபோகும்; பென்சில் போகாது. எறியப்போகிற ஸ்லைடில் யாரும் பென்சிலால் பொறுமையாக எண் எழுத மாட்டார்கள்.

"சிரிக்கிறதுக்கு ஒரு வாய் இருந்தா, வேலைக்கு ரெண்டு கை இருக்குல்ல" என்றார் மெழுகண்ணன். பிறகு குரலை உயர்த்தினார். "ஒன்பது! வாங்க சார். பஸ் போயிடும்."

அன்று பிற்பகல் மெழுகண்ணன் சாயம் ஏற்றினார். கத்தியக்கா வெளியே பெஞ்சில், தம்பி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கதவு ஓரத்தில் ஃபார்மலின் நெடி வந்தது. எத்தனை குடும்பங்கள் இந்த பெஞ்சில் இப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பது அவளுக்கு அன்றுதான் உறைத்தது.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. பெரிய டாக்டரம்மா வாசலுக்கே வந்துவிட்டார். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து யாரும் பார்த்ததில்லை.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க. குடும்பத்தாளா வந்து பாக்கலாம். தொட வேண்டாம், அவ்வளவுதானே உங்க விதி?"

மைக்ரோஸ்கோப்பில் இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் வசதி இருந்தது. முதலில் தம்பி மனைவி குனிந்தாள்.

"ரோஸ் கலர்ல பட்டை பட்டையா இருக்கே, அது உங்க வீட்டுக்காரர் இதயத் தசை. நடுவுல ஊதா ஊதாவாப் புள்ளி மொய்க்குதா?"

"எறும்பு மாதிரி இருக்கு டாக்டர்."

"அது டி அணு. நம்ம உடம்போட காவல்காரங்க. கிருமி வந்தா அடிச்சு விரட்ட வேண்டியவங்க. இங்க கிருமியே இல்ல. இதயத்தையே அந்நியன்னு நெனச்சு அடிக்கிறாங்க. அதோ பெரிசா, ஒரே உடம்புக்குள்ள இருபது கண்ணு வெச்ச மாதிரி ஒண்ணு தெரியுதா? அது கிருமியை முழுங்குற விழுங்கணுக்கள் பல ஒண்ணாச் சேர்ந்து உருவான ராட்சச அணு. அதைப் பார்த்துட்டா வேற சாட்சி வேண்டாம்."

"அப்போ வேலியே பயிரை மேஞ்சிருக்கு."

"அதேதான். இதுல குடிக்குச் சம்பந்தமே இல்ல. ஆறு இடைவெட்டுல மட்டும்தான் இருக்கு. நாங்க முன்னாடி பார்த்த எந்த ஸ்லைடுலயும் இல்ல. இந்த நோயை விட்டா வாரக்கணக்குல ஆளைக் கொன்னுடும். தெரிஞ்சுட்டா மருந்து இருக்கு."

கத்தியக்கா குனிந்து பார்த்தாள். ஆயிரக்கணக்கான இதயங்களைச் சீவியவள். தன் தம்பி இதயத்தில், தன் வீட்டுக்கே கல்லெறியும் காவல்காரர்களை அன்று பார்த்தாள். பயம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது வேறு. 'அகப்பட்டாயா' என்று வாய்க்குள்ளேயே சொன்னாள்.

அன்று மாலையே காவல்காரர்களை அடக்கும் மருந்துகள் நரம்பில் ஏறின. டி அணுக்களைக் குறிவைத்து ஒன்று, மொத்தக் கூச்சலையும் தணிக்க ஒன்று. இதய டாக்டர் கோப்பை எடுத்து, குடிப்பழக்கம் என்ற சொல்லைத் தன் கையால் அடித்து, பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் வாரம் இழுபறி. இரண்டாம் வாரம் தம்பி தலையணையில் தலை வைத்துப் படுத்தான். மூன்றாம் வாரம் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டினான். திட்டுகிறவன் பிழைத்துக்கொள்வான் என்று வார்டு முழுவதும் சொன்னது. ஐந்து மாதத்தில் இதயத்தின் திறன் பதினெட்டிலிருந்து நாற்பத்தொன்பது ஆனது. வேறு இதயம் வேண்டியிருக்கவில்லை. மாத்திரைகளை மட்டும் விடக்கூடாது. அந்தக் காவல்காரர்கள் தூங்குகிறார்கள், சாகவில்லை.

பிறகு ஒரு பிற்பகல் கத்தியக்கா டிப்போவுக்குப் போனாள். கூடவே தம்பி, அவன் மனைவி, சித்தப்பா. சித்தப்பாவின் குடை இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

மேலாளர் அறிக்கையைப் புரட்டினார். தாடையைத் தடவினார்.

"சந்தோஷம்தான். ஆனா… தப்பா நெனைக்காதீங்கம்மா, நீங்க வேலை பாக்கிற அதே இடத்து ரிப்போர்ட். முதல்ல ஒண்ணும் இல்லைன்னு ஒரு ரிப்போர்ட், அப்புறம் இருக்குன்னு ஒரு ரிப்போர்ட். கேக்கிறவங்க கேப்பாங்க இல்ல?"

சித்தப்பா நாற்காலியில் நெளிந்தார். தம்பியின் முகம் சிவந்தது. கத்தியக்கா மட்டும், இந்தக் கேள்விக்காகவே ஐந்து மாதம் காத்திருந்தவள் போல, பையிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து வரிசையாக வைத்தாள்.

"இது எங்க பதிவேட்டு நகல். மெழுகுல பதிச்சது யாரு, வெட்டினது யாரு, சாயம் ஏத்தினது யாரு, பார்த்தது யாரு, எல்லாக் கையெழுத்தும் இருக்கு. இது என் லீவுச் சீட்டு. இது ஜன்னல்ல வரிசையில நின்னு நான் குடுத்த மனு, சீல், நேரம், என் சீட்டு நம்பர் எட்டு. இதுல எங்கயாவது என் விரல் பட்டிருந்தா காட்டுங்க. நீங்க சித்தப்பாகிட்ட ஜாடையாக் கேட்ட அந்தக் கடிதத்துல நானே கையெழுத்துப் போட்டுத் தரேன்."

மேலாளர் ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்தார். இரண்டாம் தரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க தம்பிக்காக நீங்க பெட்டியைக்கூடத் திறக்கலையா?"

"அவனுக்காகத்தான் திறக்கல."

ஷிப்ட் மாறும் மணி அடித்தது. வழியனுப்பும் பலகைக்கு முன்னால் டிரைவர்கள் கூடினார்கள். மேலாளர் புது அறிவிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். தம்பி ஓரமாகத் தூணில் சாய்ந்துகொண்டான். அவர் தொண்டையைச் செருமிவிட்டு, மெல்லிய குரலில், குடிபோதைச் சந்தேகம் முற்றிலும் தவறு என்றும், இதயத் தசை அழற்சியால் மயங்கும் நிலையிலும் வண்டியை நிறுத்தி அத்தனை பயணிகளையும் காத்த டிரைவருக்கு நிர்வாகம் தன் வருத்தத்தையும் நன்றியையும் தெரிவிக்கிறது என்றும் படித்தார்.

"சார், பின் சீட்டுக்குக் கேக்கல!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு எழுந்தது. மேலாளர் மறுபடி படித்தார். இந்த முறை பணிமனைக்குள் வண்டிக்குக் கீழே படுத்திருந்தவனும் எழுந்து வந்தான். முடித்ததும் யாரோ ஒரு வண்டியில் ஏறி ஹாரனை அழுத்தினார்கள். பக்கத்து வண்டியும் சேர்ந்துகொண்டது. அப்புறம் நின்றிருந்த அத்தனை வண்டிகளும்.

"போதும்டா! பேட்டரி எறங்கும்!" என்று கத்தினான் நிதானம். அவன் மனைவி ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கண்ணைத் துடைத்தாள். இனி அவன் நேரக் காப்பாளர் அறையில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்புவான். ஸ்டியரிங்கைத் தொட இன்னும் நாள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகட்டும். தொடும்போது சுத்தமான கையோடு தொடுவான்.

கத்தியக்கா மேலாளர் அறைக்குத் திரும்பினாள். அன்று உட்கார்ந்த அதே நாற்காலியில், அதே மாதிரி முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தாள். அவர் ஒன்றும் புரியாமல் நின்றார்.

"டீ வரச் சொல்றீங்களா?" என்றாள்.

டீ வந்தது. சூடாக, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். கிளாஸை மேஜையில் வைத்தாள்.

"சக்கரை கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.